ஐஸ்கிரீமைக் கைவிடாமல் இலேசாக்குவது எப்படி?

ஐஸ்கிரீமை விட்டுவிடச் சொல்லும் கட்டுரை அல்ல இது. அப்படிச் சொல்லத் தெருவுக்கு ஒருவர் இருக்கிறார். அவர்களில் பாதிப் பேருக்கு ஐஸ்கிரீம் உண்மையில் பிடிக்கவே பிடிக்காது என்பது என் சந்தேகம். பள்ளிக்கூட வாசலில் சேமியா ஐஸ் வாங்கிச் சாப்பிட்ட வயதில் தொடங்கி நாற்பது, ஐம்பது தாண்டியும் அந்த ஆசை மங்காதவர்களுக்காக இதை எழுதுகிறேன். சர்க்கரை அளவோ, கொழுப்பு அளவோ, இடுப்புச் சுற்றளவோ, ஏதோ ஒன்று கூடிவிட்டது. இனி இலேசானதாகப் பார்த்து வாங்கலாம் என்று கடைக்குப் போனால் 'லைட்', 'சுகர் ஃப்ரீ', 'நோ ஆடட் சுகர்', 'லோ ஃபேட்', 'வீகன்', 'கருப்பட்டி' என்று ஒரு வரிசையே நிற்கிறது. எது எதில் இலேசு என்பதை டப்பாவின் முன்பக்கம் சொல்வதில்லை. அதைக் கண்டுபிடிக்கும் வழியைப் படிப்படியாகப் பார்ப்போம்.

முதல் படி: எதைக் குறைக்க வேண்டும் என்று முடிவு செய்யுங்கள்

பொதுவாக 'இலேசான ஐஸ்கிரீம்' என்று ஒன்று கிடையாது. கொழுப்பு குறைந்தது உண்டு, சர்க்கரை குறைந்தது உண்டு, காற்று மட்டும் கூடியதும் உண்டு. ஒன்றைக் குறைத்த இடத்தில் பெரும்பாலும் இன்னொன்று ஏறியிருக்கும். அது தயாரிப்பாளரின் சூழ்ச்சி என்று மட்டும் சொல்லிவிட முடியாது. ஐஸ்கிரீமின் கட்டமைப்பே அப்படி.

பாலில் உள்ள நீர் உறையும்போது பனிப்படிகமாகிறது. அந்தப் படிகங்கள் நாக்குக்குத் தெரியாத அளவு சிறிதாக இருந்தால் வழவழப்பு, பெரிதானால் நறநறப்பு. கொழுப்பு அந்த வழவழப்பைத் தருகிறது, வெனிலா போன்ற மணங்களையும் பிடித்துவைத்து மெதுவாக விடுகிறது. சர்க்கரை இனிப்புக்காக மட்டும் சேர்க்கப்படுவதில்லை. நீரின் உறைநிலையை அது கீழே இறக்குவதால்தான் ஃப்ரீசரிலிருந்து எடுத்த ஐஸ்கிரீமில் கரண்டி இறங்குகிறது. சர்க்கரையை எடுத்துவிட்டால் அது கல். கொழுப்பை எடுத்துவிட்டால் நீர் கூடிப் பனிக்கட்டி. ஆகவே கொழுப்பை எடுத்தவர்கள் அந்த இடத்தில் மாவிலிருந்து எடுக்கும் மால்டோடெக்ஸ்ட்ரின், குளுக்கோஸ் சிரப் போன்றவற்றைச் சேர்க்கிறார்கள். சர்க்கரையை எடுத்தவர்கள் மால்டிடால் போன்ற சர்க்கரை ஆல்கஹால்களை (மது அல்ல, ஒருவகை இனிப்பூட்டி) சேர்க்கிறார்கள், சில சமயம் கிரீமையும் கூட்டுகிறார்கள்.

ஆகவே உங்கள் தேவையை முதலில் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். ரத்தத்தில் கெட்ட கொழுப்பு கூடியிருந்தால் நீங்கள் பார்க்க வேண்டியது நிறைவுற்ற கொழுப்பை. பால் கொழுப்பில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு அதுதான். நீரிழிவு என்றால் சர்க்கரையோடு மொத்த மாவுச்சத்தையும் (கார்போஹைட்ரேட்) பார்க்க வேண்டும். எடைதான் கவலை என்றால் கலோரி. கொழுப்பு கிராமுக்கு 9 கலோரி, சர்க்கரையும் புரதமும் கிராமுக்கு 4 கலோரி என்ற ஒரே கணக்கு போதும்.

மனத்தில் வைத்துக்கொள்ள ஓர் அளவுகோல்: சாதாரண வெனிலா ஐஸ்கிரீம் 100 கிராமில் சுமார் 200 கலோரி, சுமார் 11 கிராம் கொழுப்பு, பாலின் இயற்கைச் சர்க்கரையையும் சேர்த்து 20 கிராமுக்குச் சற்று மேல் சர்க்கரை. நீங்கள் எடுக்கும் எந்த 'லைட்' டப்பாவையும் இதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். வித்தியாசம் பத்துப் பதினைந்து கலோரிதான் என்றால், பிடித்த ஐஸ்கிரீமையே வாங்கி ஒரு கரண்டி குறைவாகச் சாப்பிடுவது மேல்.

இரண்டாம் படி: பெயரைப் படியுங்கள்

டப்பாவில் பெரிய எழுத்தில் இருப்பது ருசியின் பெயர். அதற்குக் கீழே சிறிய எழுத்தில் பொருளின் சட்டப்படியான பெயர் இருக்கும். அதைத்தான் தேட வேண்டும்.

நம் நாட்டு உணவுப் பாதுகாப்பு விதிகளின்படி, வெறுமனே 'ஐஸ்கிரீம்' என்று விற்க வேண்டுமென்றால் பால் கொழுப்பு குறைந்தது 10 சதவீதம் இருக்க வேண்டும். 'மீடியம் ஃபேட் ஐஸ்கிரீம்' என்றால் 2.5 சதவீதத்துக்கு மேல், 10 சதவீதத்துக்குள். 'லோ ஃபேட் ஐஸ்கிரீம்' என்றால் 2.5 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. 'லைட்' என்று முன்னால் என்ன எழுதியிருந்தாலும், இந்த மூன்றில் எது என்பதைப் பின்பக்கம் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள். கொழுப்பைக் குறைக்க நினைப்பவர்களுக்கு நடு வரிசை நல்ல இடம் என்பது என் அனுபவம். 5, 6 சதவீதக் கொழுப்பில் ருசி பெரிதாக அடிவாங்குவதில்லை. 2 சதவீதத்துக்குக் கீழே போனால் நாக்கு கண்டுபிடித்துவிடுகிறது.

இந்த மூன்றிலும் சேராத ஒன்று 'ஃப்ரோஸன் டெசர்ட்'. பால் கொழுப்புக்குப் பதிலாகத் தாவர எண்ணெய் சேர்ப்பது இது. பார்க்க ஒன்றுபோல இருக்கும், அதே ஃப்ரீசரில் பக்கத்தில் கிடக்கும், விலை சற்றுக் குறைவு. 2017-இல் இந்த வேறுபாட்டை முன்வைத்து வந்த அமுல் விளம்பரங்கள் மீது, அப்போது ஃப்ரோஸன் டெசர்ட் விற்றுவந்த இந்துஸ்தான் யூனிலீவர் மும்பை உயர் நீதிமன்றம் வரை போனது. அந்தச் சண்டையில் நமக்கு வேலை இல்லை. நாம் தெரிந்துகொள்ள வேண்டியது, தாவர எண்ணெய் என்றதும் அது இலேசு என்று நினைத்துவிடக் கூடாது என்பதை. பாமாயிலில் பாதிக்குப் பக்கம் நிறைவுற்ற கொழுப்பு. தேங்காய் எண்ணெயில் அது பால் கொழுப்பைவிடவும் அதிகம். தேங்காய்ப் பாலில் செய்த 'வீகன்' ஐஸ்கிரீமுக்கும் இதே கணக்குதான். பால் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கும் பாலைத் தவிர்ப்பவர்களுக்கும் அது நல்ல வரம். இலேசு என்று நினைத்து வாங்குபவர்களுக்கு ஏமாற்றம்.

'கருப்பட்டி ஐஸ்கிரீம்', 'நாட்டுச்சர்க்கரை ஐஸ்கிரீம்' பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். மணம் அருமை, கருப்பட்டியின் அந்த இலேசான புகை வாசம் வெனிலாவை மிஞ்சும். ஆனால் உடலுக்குச் சர்க்கரை சர்க்கரைதான். ருசிக்காகச் சாப்பிடுங்கள், மருந்தாக நினைத்துச் சாப்பிடாதீர்கள்.

மூன்றாம் படி: மில்லிலிட்டரைப் பார்க்காதீர்கள், கிராமைப் பாருங்கள்

அதிகம் பேர் தவறவிடும் படி இது. ஐஸ்கிரீம் நம்மிடம் கன அளவில் விற்கப்படுகிறது: 100 மி.லி. கப், 500 மி.லி. டப்பா, ஒரு லிட்டர் குடும்பப் பெட்டி. அதில் கணிசமான பங்கு காற்று. கலவையைக் கடையும்போதே காற்றை உள்ளே அடிக்கிறார்கள். கலவையின் கன அளவுக்குச் சமமான காற்று ஏறினால் ஒரு லிட்டர் கலவை இரண்டு லிட்டர் ஐஸ்கிரீம் ஆகிவிடும்.

காற்றே கூடாது என்று நினைத்துவிட வேண்டாம். காற்று இல்லாவிட்டால் ஐஸ்கிரீம் உறைந்த பால்கட்டியாகிவிடும். அளவுதான் விஷயம். சாதாரண ஐஸ்கிரீம் லிட்டருக்கு 525 கிராமுக்குக் குறையக் கூடாது, நடுத்தர, குறைகொழுப்பு வகைகள் 475 கிராமுக்குக் குறையக் கூடாது என்று விதி இருக்கிறது. இந்தக் கீழ் எல்லையை ஒட்டிய ஐஸ்கிரீமின் 100 மி.லி. கப்பில் ஏறக்குறைய 53 கிராம்தான் இருக்கும். விலை உயர்ந்த அடர்த்தியான வகைகளில் அதே கப்பில் 80 கிராமுக்கு மேலும் இருக்கலாம். அவற்றில் கொழுப்புச் சதவீதமும் கூடுதல். கண்ணுக்கு இரண்டும் ஒரே ஸ்கூப். கலோரியில் ஒன்று மற்றதைப் போல இரண்டு மடங்கு.

இதனால் இரண்டு காரியம் செய்யுங்கள். ஒன்று, டப்பாவில் நிகர எடை கிராமிலும் போட்டிருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் வீட்டுச் சமையல் தராசில் ஒருமுறை நிறுத்துப் பாருங்கள். இரண்டு, ஊட்டச்சத்து அட்டவணை 100 கிராமுக்கா, 100 மி.லி.க்கா, ஒரு பரிமாறலுக்கா என்று பாருங்கள். 100 மி.லி.க்கு 100 கலோரி என்று போட்டிருக்கும் சாதாரண ஐஸ்கிரீமும், 100 கிராமுக்கு 190 கலோரி என்று போட்டிருக்கும் 'லைட்' ஐஸ்கிரீமும் உண்மையில் ஒன்றுக்கொன்று சளைத்தவை அல்ல. எண்ணைப் பார்த்து மயங்குமுன் அலகைப் பாருங்கள்.

இந்தக் கணக்கில் ஆறுதலான செய்தியும் ஒன்று உண்டு. சேர்க்கப்படும் சர்க்கரை ஐஸ்கிரீம் எடையில் சுமார் 15 சதவீதம். ஆக, 55 கிராம் எடையுள்ள சாதாரணக் கப் ஒன்றில் சேர்த்த சர்க்கரை சுமார் 8 கிராம், அதாவது இரண்டு தேக்கரண்டி. நம்மில் பலர் ஒரு டம்ளர் காபியில் போடும் அளவு அது. ஒரு நாளைக்கு மூன்று காபி குடிப்பவர், அதில் இரண்டைச் சர்க்கரை இல்லாமல் குடிக்கப் பழகினால், வாரம் முழுவதும் சேரும் மிச்சம் எந்த 'சுகர் ஃப்ரீ' டப்பா தரும் மிச்சத்தையும் தோற்கடித்துவிடும். மற்ற உணவோடு சேர்த்த சர்க்கரையும் தேன், பழச்சாறுச் சர்க்கரையும் எல்லாமாக நாளைக்கு 25 கிராமுக்குள் இருந்தால் நல்லது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. அதற்குள் ஒரு சின்னக் கப்புக்கு இடம் இருக்கிறது.

நான்காம் படி: பின்பக்கத்து எண்களை அடையாளம் காணுங்கள்

மூலப்பொருள் பட்டியலில் வரும் எண்களைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். 412 என்பது குவார் கம், நாம் பொரியல் செய்யும் கொத்தவரங்காயின் விதையிலிருந்து எடுப்பது. 407 என்பது காராஜீனன், கடற்பாசியிலிருந்து வருவது; ராமநாதபுரம் கடற்கரையில் வளர்க்கப்படும் பாசி இதற்காகத்தான் போகிறது. 410, 466 போன்றவையும் நீரைப் பிடித்துவைத்துப் பனிப்படிகம் பெரிதாகாமல் தடுக்கும் பசைகளே. கொழுப்பு குறைந்த வகைகளில் இவை கூடுதலாக இருப்பது இயல்பு.

கவனிக்க வேண்டியவை இனிப்பூட்டிகள். 955 சுக்ரலோஸ், 960 ஸ்டீவியா, 951 அஸ்பார்டேம். இவற்றுக்குக் கலோரி இல்லை என்றே சொல்லலாம். 965 மால்டிடால், 420 சார்பிட்டால் ஆகியவை சர்க்கரை ஆல்கஹால்கள். மால்டிடாலுக்குச் சர்க்கரையில் பாதிக்கு மேல் கலோரி உண்டு. ரத்தச் சர்க்கரையைச் சீனியைவிட மெதுவாக ஏற்றும், ஏற்றவே ஏற்றாது என்று சொல்ல முடியாது. இன்னொரு சங்கடமும் இருக்கிறது. அளவு மீறினால் வயிற்றைக் கலக்கிவிடும். 'பாலிஆல்கள் (சர்க்கரை ஆல்கஹால்களின் இன்னொரு பெயர்) மலமிளக்கியாகச் செயல்படலாம்' என்ற பொருளில் லேபிளில் பொடி எழுத்தில் ஒரு வரி இருக்கும். விளையாட்டுக்காக எழுதியது அல்ல அது. 'சுகர் ஃப்ரீ' டப்பாவைக் கையில் எடுத்துக்கொண்டு தொலைக்காட்சி முன் உட்கார நினைப்பவர்கள் அந்த வரியை இருமுறை படிக்கவும்.

'சுகர் ஃப்ரீ' என்பதும் 'நோ ஆடட் சுகர்' என்பதும் வேறு வேறு. முதலாவதற்கு 100 கிராமில் அரைக் கிராம் சர்க்கரைக்கு மேல் இருக்கக் கூடாது. இரண்டாவதில் வெளியிலிருந்து சேர்க்கவில்லை என்பது மட்டுமே உத்தரவாதம். பாலின் லாக்டோஸும் பழத்தின் சர்க்கரையும் அப்படியே இருக்கும். நீரிழிவு உள்ளவர்கள் 'மொத்தக் கார்போஹைட்ரேட்' என்ற வரியையும் சேர்த்துப் பார்த்து, தங்கள் மருத்துவரிடம் அந்த எண்ணைச் சொல்லிக் கேட்டுவிடுவது நல்லது. எடையைக் குறைப்பதற்காக மட்டும் சர்க்கரை அல்லாத இனிப்பூட்டிகளுக்கு மாற நினைப்பவர்கள் ஒன்றைக் கவனிக்கவும்: எடைக் கட்டுப்பாட்டுக்கு அவற்றை நம்ப வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2023-இல் வழிகாட்டுதல் வெளியிட்டிருக்கிறது.

ஐந்தாம் படி: பார்லரில் என்ன கேட்பது?

கடையில் லேபிள் இல்லை, கண்ணாடிக்குப் பின்னால் வண்ணங்கள் மட்டும். அங்கே சில பழக்கங்கள் கைகொடுக்கும்.

கோனைவிடக் கப். பெரிய வாஃபிள் கோன் ஒன்றில் மட்டுமே 100 கலோரிக்கு மேல் இருக்கும். அது இன்னொரு சின்ன ஸ்கூப்புக்குச் சமம். கோன் கடிக்கும் சத்தம்தான் முக்கியம் என்பவர்களோடு எனக்கு வாதம் இல்லை, அவர்கள் ஸ்கூப்பைச் சிறிதாக்கிக்கொள்ளட்டும். மேலே ஊற்றும் சாக்லேட் சாஸ், உதிர்க்கும் வண்ண மிட்டாய், செருகும் வேஃபர் எல்லாவற்றையும் வேண்டாம் என்றால் ஐஸ்கிரீமின் ருசி தெளிவாகத் தெரியும். வறுத்த வேர்க்கடலை, பாதாம் தூவச் சொல்லலாம்.

பழ சார்பெட் இருந்தால் கேளுங்கள். கொழுப்பே இராது. ஆனால் சர்க்கரை ஐஸ்கிரீமைவிடக் கூடுதலாகவே இருக்கும், அது இல்லாமல் சார்பெட் கல்லாகிவிடும். கொழுப்புக்காரர்களுக்கு நல்லது, சர்க்கரைக்காரர்களுக்கு அல்ல.

இரவு எட்டு மணிக்கு மேல் மணியடித்துக்கொண்டு வரும் குல்ஃபி வண்டி பற்றிக் கேட்பீர்கள். குல்ஃபியில் காற்று கிடையாது. பாலைச் சுண்டக் காய்ச்சி அப்படியே அச்சில் உறைய வைப்பது. அதனால் அளவில் சிறியது, எடையில் கனத்தது. ஆனால் குச்சியிலிருக்கும் சின்னக் குல்ஃபியைச் சீக்கிரம் விழுங்க முடியாது. கால் மணி நேரம் ஆகும். மெதுவாகச் சாப்பிட வைக்கும் உணவு தன் கலோரியில் ஒரு பகுதியைத் தானே ஈடுகட்டிவிடுகிறது என்று நினைக்கிறேன். ஒன்றோடு நிறுத்தினால் நான் ஆட்சேபிக்க மாட்டேன்.

மதுரைக்குப் போய் ஜிகர்தண்டாவைத் தவிர்ப்பது நடக்காத காரியம். சுண்டிய பால், கடற்பாசி, நன்னாரி சர்பத், மேலே ஐஸ்கிரீம் என்று அது ஒரு முழுச் சாப்பாடு. அதில் பாசிக்குக் கலோரி மிகக் குறைவு. பாரமெல்லாம் பாசுந்தியிலும் ஐஸ்கிரீமிலும் சர்பத்திலும். 'ஸ்பெஷல்' வேண்டாம், சின்ன டம்ளர் போதும், பாசி கொஞ்சம் கூடுதலாகப் போடுங்கள் என்று கேட்டால் மறுக்க மாட்டார்கள். அன்று மதியச் சாப்பாட்டில் பாயசத்தை விட்டுவிடுங்கள்.

ஃபலூடா, சண்டே வகைகளை மேசைக்கு ஒன்று வாங்கி நான்கு கரண்டி போட்டுக்கொள்ளுங்கள். வேறு யோசனை எனக்குத் தெரியாது.

ஆறாம் படி: வீட்டுக்குக் கொண்டுவருவதும் வைப்பதும்

இலேசான வகைகளில் நீர் அதிகம் என்பதால் அவை சீக்கிரம் கெட்டுப்போகும். கெட்டுப்போவது என்றால் உருகி, மறுபடி உறைந்து, நறநறவென்று ஆவது. சென்னை வெயிலில் இருபது நிமிடம் பைக்கில் தொங்கினால் போதும். கடையில் மற்றதெல்லாம் எடுத்துவிட்டு ஐஸ்கிரீமைக் கடைசியாக எடுங்கள், வெப்பம் தாங்கும் பை ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். மூடியைத் திறந்ததும் மேற்பரப்பில் வெண்பனி படர்ந்திருந்தாலோ, ஐஸ்கிரீம் ஓரத்திலிருந்து விலகிச் சுருங்கியிருந்தாலோ ஏற்கெனவே ஒருமுறை இளகியிருக்க வாய்ப்பு அதிகம்.

ஃப்ரீசரில் கதவுப் பக்கம் வைக்காமல் உள்ளே பின்பக்கம் வையுங்கள். மைனஸ் 18 டிகிரி சரியான அளவு. மின்வெட்டில் முழுதாக உருகிவிட்டதை மறுபடி உறைய வைத்துச் சாப்பிடக் கூடாது. மனம் கேட்காது, ஆனால் கொட்டிவிடுங்கள். பெரிய டப்பா மலிவு என்று வாங்காமல் சின்னக் கப்புகளாக வாங்கினால் இந்த இழப்பும் குறையும், இன்னொரு கரண்டி என்ற சபலமும் குறையும்.

சாப்பிடுமுன் ஐந்து முதல் பத்து நிமிடம் வெளியே வையுங்கள். கடுங்குளிரில் நாக்குக்கு இனிப்பும் மணமும் சரியாகத் தெரியாது. கொழுப்பு குறைந்த ஐஸ்கிரீம் சப்பென்று இருக்கிறது என்று குறை சொல்பவர்களில் பலர் அதை ஃப்ரீசரிலிருந்து நேராக வாய்க்குக் கொண்டுபோனவர்கள்.

ஏழாம் படி: வீட்டிலேயே செய்யுங்கள்

எதை எவ்வளவு சேர்க்கிறோம் என்பது நம் கையில் இருப்பது இங்கே மட்டும்தான். இயந்திரம் தேவையில்லை. இரண்டு முறைகளை விரிவாகச் சொல்கிறேன்.

எளிதானது வாழைப்பழம். பச்சைப்பழம் எனப்படும் ரொபஸ்டாதான் இதற்கு நன்றாக ஒத்துவருகிறது. பூவனில் புளிப்பு தட்டும், கற்பூரவல்லியில் விதைத் துணுக்குகள் வரும். தோலில் கரும்புள்ளிகள் விழுந்த பழமாக எடுங்கள். உரித்து, வில்லைகளாக நறுக்கி, ஒன்றோடொன்று ஒட்டாமல் தட்டில் பரப்பி இரவு முழுவதும் ஃப்ரீசரில் வையுங்கள். மறுநாள் மிக்ஸியின் சின்ன ஜாரில் போட்டு, நிறுத்தி நிறுத்தி ஓட்டுங்கள். தொடர்ந்து ஓட்டினால் மோட்டார் சூட்டில் உருகிவிடும். முதலில் ரவைபோல உதிரும், பயந்து பாலை ஊற்றிவிடாதீர்கள். பக்கங்களை வழித்துவிட்டு மறுபடி ஓட்டுங்கள். மிகவும் முரண்டு பிடித்தால் ஒரு தேக்கரண்டி குளிர்ந்த பால். திடீரென்று ஒரு கணத்தில் அது சாஃப்டி ஐஸ்கிரீம் பதத்துக்குத் திரளும். ஒரு தேக்கரண்டி கோகோ, அல்லது வேர்க்கடலை வெண்ணெய், அல்லது ஏலக்காய்ப் பொடி சேர்க்கலாம். உடனே சாப்பிட வேண்டும். நடுத்தரப் பழம் ஒன்றுக்குச் சுமார் 90 கலோரி, கொழுப்பு ஏறக்குறைய இல்லை. ஆனால் பழச் சர்க்கரை 12 கிராம் அளவுக்கு இருக்கும் என்பதை நீரிழிவு உள்ளவர்கள் மறக்க வேண்டாம்.

இரண்டாவது, உண்மையான பால் ஐஸ்கிரீம். தேவையானவை: 1.5 சதவீதக் கொழுப்புள்ள டபுள் டோன்டு பால் அரை லிட்டர், கொழுப்பு நீக்கிய பால் பவுடர் 40 கிராம், சர்க்கரை 60 கிராம், கார்ன்ஃப்ளார் 15 கிராம், ஒரு சிட்டிகை உப்பு.

பால் பவுடரைப் பால் குளிர்ந்திருக்கும்போதே கலக்கிவிடுங்கள். சூட்டில் போட்டால் கட்டி தட்டும். கால் டம்ளர் பாலைத் தனியே எடுத்து அதில் கார்ன்ஃப்ளாரைக் கரைத்து வையுங்கள். மீதிப் பாலைச் சர்க்கரை, உப்போடு அடுப்பில் வைத்து, கொதி வந்ததும் கார்ன்ஃப்ளார் கரைசலை ஊற்றிக் கைவிடாமல் கிளறுங்கள். இரண்டு மூன்று நிமிடத்தில் கரண்டியின் பின்புறத்தில் படியும் பதம் வரும். இறக்கி, ஆறவைத்து, குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் இரவு முழுவதும் வையுங்கள். அவசரப்பட்டு இந்தப் படியைத் தாண்டாதீர்கள். பால் புரதமும் மாவும் நீரைப் பிடித்துக்கொள்வது அந்த நேரத்தில்தான். கிரீம் செய்ய வேண்டிய வேலையை இங்கே காத்திருப்பு செய்கிறது.

மறுநாள் அகலமான எவர்சில்வர் டப்பாவில் ஊற்றி ஃப்ரீசரில் வையுங்கள். பிளாஸ்டிக்கைவிட உலோகத்தில் வேகமாக உறையும், வேகமாக உறைந்தால் படிகம் சிறிதாகும். ஓரங்கள் கட்டியானதும் வெளியே எடுத்து மத்தால் நன்றாகக் கடைந்து மறுபடி வையுங்கள். முக்கால் மணிக்கு ஒருமுறை, மூன்று தடவை. கடைசித் தடவை மிக்ஸியில் ஒரு சுற்று விட்டால் இன்னும் நயம். மேற்பரப்பில் படும்படி பட்டர் பேப்பரை அழுத்தி மூடி உறையவிடுங்கள்.

கணக்குப் போட்டால் 100 கிராமுக்குச் சுமார் 110 கலோரி வருகிறது, கடை வெனிலாவில் ஏறக்குறைய பாதி. கொழுப்பு ஒன்றரை சதவீதத்துக்குள். கடைச் சரக்கைவிடக் கெட்டியாக இருக்கும், அதனால் பத்து நிமிடம் வெளியே வைப்பது கட்டாயம். இன்னும் கெட்டியான ருசி வேண்டும் என்று பால் பவுடரை அள்ளிப் போடாதீர்கள். லாக்டோஸ் படிந்து நாக்கில் மணல் போல் உறுத்தும்.

இந்தக் கலவைக்கு வெனிலாவைவிட ஃபில்டர் காபி பொருத்தம். முதல் டிகாக்‌ஷன் மூன்று மேசைக்கரண்டி, ஆறிய கலவையில் சேர்த்தால் போதும். கொழுப்பில்லாத வெறுமையைக் கசப்பு மறைத்துவிடுகிறது. கோடையில் மாம்பழம்: நாரில்லாத பங்கனப்பள்ளி அல்லது இமாம்பசந்தின் கூழ் ஒரு டம்ளர் சேர்த்து, சர்க்கரையைப் பாதியாக்கிவிடலாம். சீதாப்பழமும் அருமைதான், கொட்டை எடுக்கப் பொறுமையுள்ள யாராவது வீட்டில் இருந்தால்.

தயிர் பிடிப்பவர்கள் கெட்டித் தயிரை வெள்ளைத் துணியில் கட்டி, குளிர்சாதனப் பெட்டியிலேயே நான்கைந்து மணி நேரம் தொங்கவிட்டு, வடிந்ததைப் பழக்கூழோடு கலந்து மேலே சொன்னபடியே கடைந்து உறைய வைக்கலாம். புரதம் கூடுதல், புளிப்பும் உண்டு.

கடைசியாக, எல்லாவற்றிலும் இலேசான பழைய நண்பர்: குச்சி ஐஸ். கொழுப்பே கிடையாது, அளவும் சிறியது. இன்று பெரிய நிறுவனமாகிவிட்ட அருண் ஐஸ்கிரீம்ஸ் 1970-இல் ராயபுரத்தில் தொடங்கியதும் குச்சி ஐஸில்தான். வீட்டில் செய்யும்போது கொதித்து ஆறிய தண்ணீர் நான்கு பங்குக்கு நன்னாரி சர்பத் ஒரு பங்கு, அரை மூடி எலுமிச்சை. சர்பத் அதைவிடக் குறைந்தால் கடிக்க முடியாத கட்டியாகும். நுங்கோ, இளநீர் வழுக்கையோ கிடைத்தால் துண்டாக்கி உள்ளே போடுங்கள். அச்சு இல்லையென்றால் சின்ன எவர்சில்வர் டம்ளர் போதும். ஊற்றிய உடனே குச்சியைச் செருகினால் சாய்ந்துவிடும். ஒரு மணி நேரம் கழித்து, பாதி உறைந்த பிறகு செருகுங்கள். எடுக்கும்போது டம்ளரைத் தண்ணீரில் பத்து விநாடி வைத்துத் திருகினால் கழன்று வந்துவிடும்.